மூன்று ஜோடி சாக்ஸும் லேக் மவுண்டன் பனியும்

எங்கள் வீட்டில் யாராவது ஊட்டி என்று வாயெடுத்தால் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கல்யாணம் ஆன புதிதில் அம்மா ஊட்டி போகலாம் என்று கேட்டாளாம். அப்பா கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்தார். பிறகு கொடைக்கானல் கேட்டாள், ராமேஸ்வரம் கிடைத்தது. ஏற்காடு கேட்டதற்கு மகாபலிபுரம். நாற்பத்தொரு வருடத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதையும் பார்த்து முடித்துவிட்டாள், மலை ஒன்றுகூட இல்லை. அப்பா பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அதில் இரண்டு குளிர்காலம் வடக்கே பனி எல்லையில். அதைப் பற்றிக் கேட்டால், "பாத்த வரைக்கும் போதும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

ஊட்டி பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு பொருள்தான். பொங்கலுக்குப் பொங்கல் கோத்தகிரியிலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் பார்சல் வரும். அனுப்புபவர் அப்பாவோடு ராணுவத்தில் இருந்த போஜன் என்பவர். நானும் அம்மாவும் அதைக் குடித்தே வளர்ந்தோம் என்று சொல்லலாம். அப்பா மட்டும் டீயைத் தொடமாட்டார். டீ பித்தம், காபிதான் நல்லது என்பது அவர் கட்சி.

இந்த வருடம் இருவரும் மூன்று மாதம் தங்க சிட்னிக்கு, ஹோம்புஷ்ஷில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். இங்கே குளிர்காலமான ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊர் திரும்ப விமானம். அதற்குப் பத்து நாள் முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "இந்த ஊர்ல பனி கொட்டுதாமே. அதையாவது ஒருவாட்டி பாத்துட்டுப் போய்ச் சேர்றேன்" என்றாள். சொன்னது என்னிடம். ஆனால் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்கிற அளவு சத்தம். அப்பா திரும்பவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அம்மாவைப் பனியில் நிறுத்தாமல் விமானம் ஏற்றுவதில்லை, முடிந்தால் அப்பாவையும் பக்கத்திலேயே நிறுத்துவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சிட்னியிலிருந்து பனிமலைக்குக் காரில் போக ஏறக்குறைய ஆறு மணி நேரம். அம்மாவின் இடுப்பு தாங்காது. மெல்பர்னிலிருந்து லேக் மவுண்டன் என்ற பனிமலை இரண்டரை மணி நேரத்துக்குள். அதோடு மெல்பர்ன் ஓரத்தில், டார்னெய்ட்டில், என் பள்ளித் தோழியின் வீடு இருக்கிறது. அவள் லீவுக்கு இந்தியா போயிருந்தாள், சாவி பக்கத்து வீட்டில். இதைவிட என்ன வேண்டும்? சனிக்கிழமை காலை 9.20 விமானம், ஆளுக்குப் போக 94 டாலர், பறக்கும் நேரம் ஒன்றரை மணி.

இங்கே என் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். எங்கே போவதாக இருந்தாலும் போவதைவிட அதற்குச் சாமான் வாங்குவதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். குளிர் உடைகளைப் பற்றி மட்டும் ஒன்பது மணி நேரம் வீடியோ பார்த்தேன். இன்றைய சூத்திரம் எளிமையானது. உடம்பை ஒட்டி வேர்வையை வெளியே கடத்துகிற மெல்லிய உள்ளுடை. அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கிற ஃப்ளீஸ் அல்லது இறகு அடைத்த ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கிற மெல்லிய கோட்டு. மூன்றே அடுக்கு. சூடாக இருந்தால் ஒன்றைக் கழற்று, குளிர்ந்தால் போட்டுக்கொள். தள்ளுபடி விற்பனையில் இருவருக்குமாக 540 டாலருக்கு மொத்தமும் வாங்கினேன். அப்பாவுக்கு நீல நிற இறகு ஜாக்கெட், அம்மாவுக்கு மெரூன்.

அப்பா அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னாம்மா இது, உள்ள காத்து அடைச்சு வச்சிருக்கான். கோட்டுன்னா போட்டா தோள் வலிக்கணும்."

அவர் பெட்டியில் பச்சைக் கம்பளி ஜெர்சி ஒன்று இருந்தது. ராணுவத்தில் கொடுத்தது. தோளிலும் முழங்கையிலும் துணி வைத்துத் தைத்தது. சிட்னி குளிருக்கு அதைத்தான் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். நான் விடுவேனா? சமையலறைத் தராசை எடுத்து இரண்டையும் நிறுத்தேன். ஜெர்சி 790 கிராம், ஜாக்கெட் 320 கிராம். அப்பா அசரவில்லை. "உன் கோட்டை நனைச்சுப் புழிஞ்சு போட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்றார். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. இறகு நனைந்தால் ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும், சூடு போய்விடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஆனால் கனம், காய இரண்டு நாள், கழுத்தில் அரிப்பு. கடைசியில் ஜெர்சியின் மேல் நீல ஜாக்கெட், தலையில் வேலூர் பஜாரில் வாங்கிய குரங்குக் குல்லா என்று சமாதானம் ஆயிற்று. அம்மா தன் பங்குக்கு, நைட்டி இல்லாமல் பேன்ட் போடமாட்டேன் என்று நின்றாள். நைட்டியைச் சுருட்டி உள்ளே விட்டுக்கொண்டாள். பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது, நான் வாய் திறக்கவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் வாங்கவில்லை. சாக்ஸ். அம்மா ஊரிலிருந்து வெள்ளைக் காட்டன் ஸ்கூல் சாக்ஸ் ஆறு ஜோடிக் கட்டாக எடுத்து வந்திருந்தாள். "காட்டன்தான் உடம்புக்கு நல்லது" என்று கேட்டு வளர்ந்த காது எனக்கும். ஒன்பது மணி நேர ஆராய்ச்சியில் காலுக்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் பின்னால் வரப்போகிறது.

டார்னெய்ட்டில் சாவி வைத்திருந்தவர் அன்ரன். இலங்கை மன்னாரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர், நாற்பத்திரண்டு வயது இருக்கும். பதின்மூன்று வருடம் ஆகியும் விசா இன்னும் தற்காலிகம்தான். வார நாட்களில் இறைச்சியும் மீனும் வைக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மலைக்குப் போக வாடகைக் கார் எடுக்கப்போகிறேன் என்றதும் சிரித்தார்.

"பனி ரோட்டில ஓடிப் பழக்கம் இருக்கோ அக்கா? இல்லையெண்டால் விடுங்கோ. ஞாயிறு எனக்கு லீவுதான், நான் கூட்டிக்கொண்டு போறன். என்ர அம்மாவை ஃபோனிலதான் பாக்கிறனான். ஆரையாவது ஒரு அம்மாவை எங்கயாவது கொண்டுபோனால் எனக்கும் சந்தோசம்." பெட்ரோல் செலவு மட்டும் என்னுடையது என்று பேச்சு முடிந்தது.

ஞாயிறு காலை 6.15க்குக் கிளம்பினோம். அம்மா ஐந்து மணிக்கே எழுந்து புளிசாதம் கட்டிவிட்டாள். நகரத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே லில்லிடேல், ஹீல்ஸ்வில், அங்கிருந்து பிளாக் ஸ்பர் என்ற காட்டுப்பாதை. இருபுறமும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மரங்கள், கீழே குடை பிடித்த மாதிரி பெரணிச் செடிகள். ஏகப்பட்ட வளைவு. வாந்தி வருபவர்கள் ஹீல்ஸ்வில்லிலேயே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. டார்னெய்ட்டிலிருந்து மலை உச்சி வரை எங்கள் மீட்டரில் 152 கிலோமீட்டர்.

வழியில் அம்மா, "கெடங்குல அவ்ளோ குளிரா தம்பி?" என்று கேட்டாள்.

"ஓம் அன்ரி, மைனஸ் இருபத்திரண்டு. உங்கட பனிமலை எங்களுக்கு வெயில் நாள் மாதிரி. கொம்பனி தாற சூட் நல்லதுதான், ஆனா உள்ளுக்க போடுற கம்பளி பெனியன் நானே வாங்கினது. கொட்டன் போட்டால் வேர்வை ஊறி, பிறகு அந்த ஈரமே ஆளைக் கொல்லும். சப்பாத்து ஒரு சைஸ் பெரிசாத்தான் எடுக்கோணும். உள்ளுக்க விரல் ஆடோணும்."

காலையிலிருந்து பேசாமல் வந்த அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். "எத்தினி ஜோடி சாக்ஸ் போடுவீங்க?"

"ஒண்டுதான் ஐயா. தடிப்பான கம்பளிச் சோடி ஒண்டு."

"டீக் ஹை", அதாவது சரிதான், என்று இந்தியில் சொல்லிவிட்டு அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து பெரணிச் செடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவர் ஃபோர்க்லிஃப்ட்காரர், நான் ஒன்பது மணி நேரம் ஆராய்ச்சி செய்தவள் என்ற எண்ணம். திமிர் என்றால் திமிர்தான்.

8.25க்கு மேரிஸ்வில். மலையடிவாரத்து ஊர், இங்கேதான் வாடகைக் கடைகள். பூட்ஸ் ஆளுக்கு 18 டாலர், நனையாத பேன்ட் 20, சறுக்குப் பலகை 15, டயருக்குச் சங்கிலி 40. குளிர்காலத்தில் சங்கிலி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். அம்மாவுக்குப் பூட்ஸ் மாட்டிப் பார்த்த பெண் விரலை ஆட்டச் சொன்னாள், அம்மா ஆட்டினாள், சரியாக இருந்தது. காலில் ஒரு ஜோடி சாக்ஸ்தான் அப்போது. அப்பா தனக்குப் பூட்ஸ் வேண்டாம் என்றார். தான் காரை விட்டு இறங்கப்போவதில்லையாம்.

அவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் அம்மா காரில் உட்கார்ந்து, "இன்னொரு சாக்ஸ் குடுடி, மேல ரொம்பக் குளிருமாமே" என்றாள். மே மாதம் வேலூரில் வெந்து வளர்ந்த உடம்பு, பாவம். நான் ஒன்றல்ல, இரண்டு ஜோடி கொடுத்தேன். ஆக மூன்று ஜோடி. பூட்ஸ் உள்ளே போக மறுத்தது. குதிகாலைத் தரையில் தட்டித் தட்டி உள்ளே தள்ளி, கயிற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டேன். அன்ரன் கடைக்குள் சங்கிலி வாங்கிக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் தடுத்திருப்பார்.

அங்கிருந்து உச்சிக்கு வளைந்து வளைந்து முப்பது நிமிடம். நுழைவுக் கட்டணம் காருக்கு 60 டாலர் அளவில் ஆனது. இது நாளுக்கு நாள் மாறும், இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். 9.20க்கு வண்டி நின்றது. வெளியே மைனஸ் 2, காற்று வேறு. தரை, மரம், கூரை எல்லாம் வெள்ளை. அம்மா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, அப்படியே திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"வாங்களேன். ஒரு நிமிஷம்."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வண்டியிலயே இருக்கேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"போம்மா, டைம் ஆவுது."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுப் பழகியவள், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் கோபம் வந்தது. கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினேன்.

ஐம்பது நிமிடம் நன்றாக இருந்தது. அம்மா பனியை அள்ளி முகர்ந்து பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், "ஒரு ருசியும் இல்லடி" என்று குறை சொன்னாள். சறுக்குப் பலகையில் அன்ரன் பின்னால் பிடித்துக்கொள்ள நான்கு முறை சறுக்கினாள். ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையில் அறுபத்து மூன்று வயது அம்மா, நைட்டி ஓரம் வெளியே தெரிய. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மெரூன் ஜாக்கெட் பிரமாதமாக வேலை செய்தது, உள்ளே கை விட்டுப் பார்த்தேன், கதகதவென்று இருந்தாள். மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகு மேட்டில் நடக்கும்போது கொஞ்சம் பின்தங்கினாள். "கால் மரத்துப் போச்சுடி, அவ்ளோதான்" என்றாள். "குளிர்னா மரத்துத்தான் போகும்மா" என்றேன். பெரிய டாக்டர் நான். இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு படம் என்று பத்து நிமிடம் நிற்க வைத்தேன். அவளும் பயணம் கெட்டுவிடுமே என்று ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இன்னும் ஐம்பது அடி இருக்கும். காரின் கதவு படாரென்று திறந்தது. அப்பா ஓடி வருகிறார், சாதாரண ஷூவோடு, பனியில், குரங்குக் குல்லா ஒரு பக்கம் சாய்ந்து. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"எத்தினி சாக்ஸ் போட்டிருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மூணு..."

"அறிவு இருக்கா உனக்கு? அவ நடக்கறதைப் பாத்தியா? கால் தரையில படறதே தெரியாம நடக்கறா!"

அம்மாவை அவரும் அன்ரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அங்கே இருக்கிற சிற்றுண்டிக் கூடத்துக்குள் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்பா கீழே மண்டியிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். பூட்ஸ் கழன்று வரவே இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. சாக்ஸ் மூன்றும் வேர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. உள்ளே அம்மாவின் கால் விரல்கள், நான் சின்ன வயதிலிருந்து மெட்டி போட்டுப் பார்த்த விரல்கள், மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அப்பா நகத்தால் அழுத்தினார். அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பதறிப்போய் விரல்களைத் தேய்க்கக் கை நீட்டினேன்.

"தேய்க்காத!"

அன்ரன், "சுடுதண்ணி எடுத்து வரட்டோ ஐயா?" என்று எழுந்தார்.

"வேணாம் தம்பி. சூடு தெரியாது அவளுக்கு, வெந்து போயிடும்."

சொல்லிக்கொண்டே அப்பா பெஞ்சில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நீல ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே வரை இறக்கினார். பச்சை ஜெர்சியை, சட்டையை, பனியனைச் சேர்த்து மேலே தூக்கினார். அம்மாவின் இரண்டு பாதத்தையும் எடுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டு, ஜெர்சியை இறக்கி, அதன்மேல் ஜாக்கெட்டை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்தார், அவ்வளவு குளிர் அந்தப் பாதத்தில். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் சிப்ஸும் காபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிலில்கூட அம்மாவின் கையைப் பிடிக்காதவர் எங்கள் அப்பா.

"ஐயோ, விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க. கால் போயி உங்க மேல..."

"பேசாம இரு."

மலையில் ரோந்து வரும் பெண் ஒருத்தியை அன்ரன் கூட்டி வந்தார். அவள் நாடி பார்த்தாள், ஒரு விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள், ஆரம்ப நிலைதான், இவர் செய்வதுதான் சரி, அப்படியே இருக்கட்டும் என்றாள். கொப்புளம் வந்தாலோ மரமரப்பு போகாவிட்டாலோ உடனே டாக்டரிடம் போகச் சொன்னாள். இதை எங்கே கற்றீர்கள் என்று அப்பாவைக் கேட்டாள். "ஆர்மி" என்று மட்டும் சொன்னார்.

அவள் போன பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். "யாருக்குங்க இப்படி வச்சீங்க?"

"யாருக்கும் வைக்கல" என்றார் அப்பா. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். "போஜனுக்கு வச்சிருக்கணும். அப்ப தெரியாது. குளிருது ஹவில்தார்னு சொன்னான். நான்தான் என் சாக்ஸை எடுத்து, போட்டுக்கடா, இன்னொண்ணு போட்டுக்கடான்னு குடுத்தேன். பூட்ஸ்ல நுழையல. நானே தட்டித் தட்டி மாட்டிவிட்டேன். மறுநாள் காலையில நாலு விரல் கறுத்துப் போச்சு. சாக்ஸ் அதிகமானா ரத்தம் ஓடாதுன்னு அப்புறம் வந்த டாக்டர் சொன்னாரு. ஹெலிகாப்டர்ல ஏத்தும்போது அவன் என் கையைப் புடிச்சிக்கிட்டு தேங்க்ஸ் சொன்னான், சாக்ஸ் குடுத்ததுக்கு."

  தட்டித் தட்டி மாட்டியது என்ற இடத்தில் நான் பெஞ்சின் கீழே கிடந்த பூட்ஸைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் முன்னால் நான் செய்ததும் அதேதான்.

"அதனாலதான் நீங்க அவர் அனுப்பற டீயை..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"எப்படிம்மா குடிக்கறது?" என்றார் அப்பா.

இருபத்தைந்து நிமிடத்தில் விரல்கள் சிவந்தன. "எறும்பு கடிக்குது, நெருப்பெறும்பு" என்று அம்மா துடித்தபோது அப்பாவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. வலி வந்தால் நல்லதாம். பிறகு அன்ரன் வண்டியின் பின்னாலிருந்து தன் வேலைப் பூட்ஸையும் துவைத்து வைத்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியையும் கொண்டுவந்தார். அம்மாவின் காலுக்கு அது படகு. "விரல் ஆடுதோ அன்ரி?" என்றார். "ஆடுதுப்பா, உள்ள குடியிருக்கலாம்" என்றாள் அம்மா. காரில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அதன் பிறகு அப்பா தானாகவே கதவைத் திறந்தார்.

"அஞ்சே நிமிஷம்" என்றார்.

அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காருக்குப் பக்கத்திலேயே, பத்தடி தூரம் நடந்தார்கள். லேசாகப் பனி விழ ஆரம்பித்திருந்தது. நீல ஜாக்கெட்டும் மெரூன் ஜாக்கெட்டும் வெள்ளையில் நன்றாகத்தான் தெரிந்தன. நான் படம் எடுக்கவில்லை. காலையில் எடுத்த படங்களே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

திரும்பும் வழியில் லில்லிடேலிலிருந்து விலகி த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோவிலுக்கு 3.40க்குப் போனோம். அம்மா அன்ரனின் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கோவிலுக்குள் நுழைந்ததும் அப்பாவின் கண் சாமி மேல் இல்லை, அவள் கால் விரல் மேலேயே இருந்தது. அன்ரனும் உள்ளே வந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். "மாதாவிட்டச் சொல்லிக்கொள்ளுறன், கோவிக்க மாட்டா" என்றார். ஆறு மணிக்கு டார்னெய்ட். திங்கள் காலை டாக்டரிடம் காட்டினோம், கால் நன்றாக இருக்கிறது என்றார். அன்று மதியமே சிட்னி திரும்பினோம். செவ்வாய் விமானத்தில் இருவரும் கிளம்பினார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜாக்கெட் விஷயத்தில் புதியதா பழையதா என்று சண்டை போட வேண்டாம், இரண்டையும் சேர்த்துப் போடலாம். அப்பாவின் ஜெர்சி மேல் 320 கிராம் ஜாக்கெட் போட்டதும் அவருக்கு அது பிடித்துப்போய், கடைசியில் கழற்றவே இல்லை. உள்ளே காட்டன் வேண்டாம், நைட்டி உட்பட. உங்கள் அம்மா கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், முயற்சி செய்யுங்கள். வாங்காமல் வாடகைக்கு எடுக்க முடிந்ததை எடுங்கள். உச்சியில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றி விரலைப் பாருங்கள். மரத்துப் போச்சு என்று யாராவது சொன்னால் அதைக் குளிர் என்று தள்ளிவிடாதீர்கள். வெளுத்திருந்தால் தேய்க்காதீர்கள், ஹீட்டரில் காட்டாதீர்கள், உடம்புச் சூட்டில் வைத்து, அங்கே இருக்கிற ரோந்துக்காரர்களைக் கூப்பிடுங்கள். சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. கம்பளியில். 19 டாலர்தான். 540 டாலருக்கு ஜாக்கெட் வாங்கியவள் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஓட்டு வீட்டு வாசல், பின்னால் சரிவு முழுக்கத் தேயிலை. அப்பா நீல ஜாக்கெட்டும் குரங்குக் குல்லாவும், அம்மா புதுச் செருப்பு, ஒரு சைஸ் பெரிசு. நடுவில் கம்பளிச் சால்வை போட்ட ஒருவர், ஒரு காலில் மட்டும் அகலமான ஷூ, வாயெல்லாம் சிரிப்பு. படத்தோடு அம்மாவின் குரல்:

"கோத்தகிரிக்கு வந்துட்டோம்டி. ஊருக்கு வந்த மூணாம் நாளே டிக்கெட் போட்டுட்டாரு. வந்து ஒக்காந்ததும் சாக்ஸ் விஷயத்தைச் சொல்லிட்டாரு உங்கப்பா. அந்த அண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா? 'அது எனக்கு ஆஸ்பத்திரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு ஹவில்தார். நீங்க உங்க கால்ல இருந்து கழட்டிக் குடுத்தீங்களே, அதுக்குத்தான் டீ அனுப்பறேன்'னாரு. உங்கப்பா ரெண்டு டம்ளர் குடிச்சாருடி."